வழக்கமான வேலை: பரேலும் விலங்கு இயன்முறை மருத்துவத்தின் வரலாறும்

(நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்க.)

சென்ற மழைக்காலத்தில் ஆவணக்காப்பக வேலையாக மும்பையில் ஆறு வாரம் தங்கியிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பம்பாயின் வண்டி மாடுகளும் டிராம் குதிரைகளும் என் ஆய்வுப்பொருள். தங்க இடம் தந்த தோழி கல்லூரி ஆசிரியை. அவர் வீட்டு நாய் மோத்தி, டாக்ஸ்ஹூண்ட் இனம், ஒன்பது வயது. முதுகெலும்பின் வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தியதால், நான் போய்ச் சேர்வதற்கு இரண்டு மாதம் முன்பு அதன் பின்னங்கால்கள் செயலிழந்திருந்தன. அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. ஆயினும் அது எழவில்லை. முன்னங்கால்களால் தரையை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. முதலில் பார்த்த மருத்துவர் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றாராம். உறவினர்கள், இருக்கும்வரை இருக்கட்டும், மெத்தை போட்டுப் பார்த்துக்கொள் என்றார்களாம். தோழி இரண்டையும் கேட்கவில்லை. வாரம் இருமுறை மோத்தியை நீர்ச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றார். ஒருநாள் நானும் உடன் சென்றேன்.

கண்ணாடிச் சுவர்கள் கொண்ட ஒரு தொட்டி. அதன் தரையே மெல்ல ஓடும் டிரெட்மில். நாயை உள்ளே நிறுத்திக் கதவை அடைத்ததும் வெதுவெதுப்பான நீர் கீழிருந்து ஏறியது. இடுப்பளவு வந்ததும் நின்றது. சிகிச்சை தரும் இளம்பெண் நீருக்குள் மண்டியிட்டு, மோத்தியின் பின்னங்கால்களைத் தம் இரு கைகளாலும் பிடித்து, பட்டை நகர நகர ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்தார். முதல் நாள் இரண்டு நிமிடம்தான் தாங்கியதாம். நான் பார்த்த அன்று ஆறு நிமிடம். ஐந்தாம் நிமிடத்தில் அவர் இடது காலிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கால் தானாக மூன்று முறை முன்னே வந்தது. நான்காம் முறை பாதம் மடங்கி இழுபட்டது. அவர் மீண்டும் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் தோழி கேட்டார்: "இதெல்லாம் நம் நாட்டுக்கு எப்போது வந்தது?" வரலாற்று மாணவனிடம் கேட்கப்படும் எளிய கேள்வி. அண்மையில் மேலை நாட்டிலிருந்து வந்தது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்த விடை பிழையன்று. ஆனால் முழுமையும் அன்று. அன்றிரவு முதல் அக்கேள்வியை வேறு விதமாகக் கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன். கருவி எப்போது வந்தது என்பதைவிட, எந்தப் பயனும் தராத ஒரு விலங்கை மீண்டும் நடக்கவைக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்தது? அதற்கு முன் அந்த விலங்குக்கு என்னென்ன வழிகள் விதிக்கப்பட்டிருந்தன? இக்கேள்விகளுக்கான விடைகளில் பெரும்பகுதி, நான் நாள்தோறும் கடந்து சென்ற பரேல் பகுதியிலேயே கிடந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இத்தகைய கேள்வி எழுந்தவுடன் பண்டைய நூல்களை நோக்கி ஓடுவது நம் வழக்கம். சான்றுகள் இல்லாமலில்லை. அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணம் பகலை எட்டுக் கூறாக்கி, முதற்கூற்றையும் ஏழாம் கூற்றையும் யானையின் நீராட்டுக்கு ஒதுக்குகிறது. முற்பகலை உடற்பயிற்சிக்கு வைக்கிறது. போராலும் நோயாலும் மூப்பாலும் பயன் குன்றிய குதிரைகளுக்கு உணவளிக்கச் சொல்கிறது. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, தம் ஆட்சிப் பரப்பிலும், அதற்கு அப்பால் சோழர், பாண்டியர் உள்ளிட்டோர் நாடுகளிலும், மனிதருக்கும் விலங்குக்குமான மருத்துவ ஏற்பாட்டைப் பேசுகிறது. யானை மருத்துவத்துக்குப் பாலகாப்பியர் பெயராலும் குதிரை மருத்துவத்துக்குச் சாலிஹோத்திரர் பெயராலும் வழங்கும் வடமொழி மரபுகள் உண்டு.

எனினும் குளிப்பாட்டுதலும் நீர்ச் சிகிச்சையும் ஒன்றல்ல. நாள்தோறும் ஆற்றில் இறக்கப்பட்ட யானை நலமான யானை. அதன் நலம் அரசனின் படைவலிமை. கௌடில்யர் காட்டும் விலங்குப் பராமரிப்பு, பெரும்பாலும் கருவூலப் பராமரிப்பின் ஒரு பகுதி. பயன் குன்றிய குதிரைக்கு உணவு என்ற விதி நெகிழவைக்கிறது. ஆயினும் அது உணவோடு நிற்கிறது. இழந்த இயக்கத்தை மீட்பது அங்கே பேசுபொருளாகவில்லை. பண்டைய நூல்களைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. இன்றைய ஒரு துறையின் பெயரை அவற்றின்மேல் ஒட்டிவிட்டால், அவை உண்மையில் சொல்வதும் நம் காதில் விழாது என்பதற்காகவே சொல்கிறேன்.

இனி பம்பாய்க்கு வருவோம்.

1832ஆம் ஆண்டு ஜூன் 6. தெருநாய்களைக் கொல்லும் கும்பினி ஆட்சியின் நடவடிக்கை நகரில் தீவிரமடைந்திருந்தது. கொன்ற நாய்க்கு இவ்வளவு என்று கூலி. ஆகவே உரிமையாளர் உள்ள நாய்களும் தப்பவில்லை. பார்சிகள் திரண்டு காவலர்களைத் தாக்கினர். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. ஜைன, இந்து, இஸ்லாமிய வணிகர்களும் சேர்ந்துகொண்டனர். கொலாபாவிலிருந்த படைமுகாமுக்கு உணவுப்பொருள் செல்வதும் தடுக்கப்பட்டது. பம்பாய் நாய்க் கலவரம் என வரலாற்றில் குறிக்கப்படுவது இதுவே. ஜொராஸ்ட்ரிய மரபில் நாய்க்குத் தனி இடம் உண்டு. இறந்தவர் உடலை நாயின் பார்வைக்குக் காட்டும் 'சக்தீத்' சடங்கு பலரும் அறிந்தது. வெந்திதாத் என்னும் சமய நூலின் பதின்மூன்றாம் பகுதி நாயைப் பற்றியே பேசுகிறது. அறிவு கலங்கிய நாயையும், சமயத்தைப் பின்பற்றும் மனிதர் ஒருவருக்குச் செய்வதுபோலவே சிகிச்சை செய்து தேற்ற முயலவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

கலவரத்துக்கு இரண்டாண்டு கழித்து, 1834இல் பம்பாய் பிஞ்ஜராப்போல் உருவாயிற்று. பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் ஜைன வணிகர்களும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு அது. வணிகப் பொருள்மீது தாமே விதித்துக்கொண்ட மகமையால் அது நடந்தது. நாய், மாடு, ஆடு, பறவை என எதுவாயினும் முதுமையும் ஊனமும் உற்றவற்றுக்கு அங்கே இடம் உண்டு. குஜராத்தில் நெடுங்காலமாக இருந்த இவ்வழக்கம் வணிகரோடு பல நகரங்களுக்கும் சென்றது. சென்னை அயனாவரத்திலும் ஒரு பிஞ்ஜராப்போல் உண்டு.

பிஞ்ஜராப்போலின் அறம் எளிது: எவ்வுயிரையும் கொல்லாதே. காலொடிந்த மாடு பயனற்றது; ஆயினும் அது வாழட்டும். பொருளாதாரத்தின் கணக்கை இவ்வளவு வெளிப்படையாக மறுத்த நிறுவனங்கள் உலகில் சிலவே. அக்கால ஆங்கிலேயப் பார்வையாளர் பலருக்கு இது விளங்கவில்லை. துன்புறும் விலங்கைக் கொன்றுவிடுவதே கருணை எனப் பழகியவர்கள் அவர்கள். அடைத்துவைத்து மெல்லச் சாகவிடுவது கொடுமை என்றார்கள். அவர்களின் குற்றச்சாட்டில் காலனியத் தன்முனைப்பு இருந்தது. ஆனால் ஓர் உண்மையும் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பிஞ்ஜராப்போல் உயிரைக் காத்தது. வலியைக் குறைப்பதும் காலை மீட்பதும் அதன் நோக்கத்தில் தொடக்கத்திலேயே இடம்பெற்றவை அல்ல.

அடுத்த முக்கிய ஆண்டு 1874. இரண்டு நிகழ்வுகள் அவ்வாண்டில் ஒன்றாக நேர்ந்தன. மே மாதத்தில் பம்பாய்த் தெருக்களில் குதிரை இழுக்கும் டிராம் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் பம்பாய் விலங்குவதைத் தடுப்புக் கழகமும் தோன்றியது. டிராமை நடத்திய நிறுவனம் ஏறத்தாழ 900 குதிரைகளை வைத்திருந்ததாகச் சொல்லப்படுகிறது. அதற்கு வெளியே பருத்திப் பொதி ஏற்றிய மாட்டுவண்டிகளும் வாடகைக் குதிரை வண்டிகளும் வேறு. இரும்புத் தண்டவாளமும் கல்பாவிய சாலையும் கணுக்காலையும் குளம்பையும் என்ன செய்யும் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை. தொழில்நகரம் ஒன்று தன் விலங்குகளை நொண்டியாக்கிக்கொண்டிருந்தது. அந்த நொண்டலைக் கண்டு குற்றம் எனச் சொல்லும் கழகமும் அதே நேரத்தில் பிறந்தது.

1880களில் பரேலில், பேட்டிட் குடும்பத்தின் கொடையால் பாய் சகர்பாய் தின்ஷா பேட்டிட் விலங்கு மருத்துவமனை எழுந்தது. 1886இல் அதனுடன் இணைந்து பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. இம்மருத்துவமனையின் முழுப்பெயரைச் சொன்னால் இன்றும் வாடகைக்கார் ஓட்டுநர்கள் விழிப்பார்கள். 'பைல்கோடா' மருத்துவமனை என்றால் உடனே கொண்டுபோய் விடுவார்கள். மராத்தியில் பைல் என்றால் எருது. கோடா என்றால் குதிரை. மக்கள் வைத்த அந்தப் பெயரே அதன் முதல் நோயாளிகளின் பட்டியல். எருதும் குதிரையும். நகரத்தை இழுத்தவை அவை. வண்டிக்காரனுக்கு எருதின் கால் என்பது அவன் அடுப்பில் எரியும் நெருப்பு. ஆகவே அங்கே சிகிச்சையின் வெற்றிக்கு ஐயத்துக்கிடமில்லாத அளவுகோல் ஒன்று இருந்தது: விலங்கு மீண்டும் நுகத்தடிக்குப் போனதா?

கால்நடை மருத்துவத்தின் பிற ஆற்றல் எல்லாம் அக்காலத்தில் வேறு திசையில் திரும்பியது. மாட்டுக் கொள்ளைநோய் கிராமங்களை வெறுமையாக்கிக்கொண்டிருந்தது. 1889இல் புனேயில் தொடங்கிய இம்பீரியல் பாக்டீரியா ஆய்வகம், பின்னர் இமயமலையின் முக்தேசருக்கு மாறியது. இன்றைய இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. தடுப்பூசியும் நுண்ணுயிரியலும் இந்தியக் கால்நடை அறிவியலின் முகமாயின. அதில் தவறேதுமில்லை. அந்த உழைப்பின் முடிவில்தான் மாட்டுக் கொள்ளைநோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் மந்தையைக் காக்கும் அறிவியலில் தனி விலங்கின் தளர்ந்த தசைக்கு இடம் குறைவு.

கொல்லாமைக்கும் கொல்லும் கருணைக்கும் இடையே இருந்த இந்த வெற்றிடத்தை இருபதாம் நூற்றாண்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி செய்த நிகழ்வு, 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் நடந்தது. ஊனமுற்ற ஒரு கன்று வலியில் துடித்துக்கொண்டிருந்தது. சிகிச்சையும் பணிவிடையும் செய்து பார்த்தார்கள், பயனில்லை. புரண்டு படுக்கவும் இயலாத வேதனை. மருத்துவர் கைவிட்டார். காந்தி அதற்கு ஊசி போட்டு உயிர் நீக்கச் செய்தார். அதைத் தம் இதழ்களில் எழுதவும் செய்தார். அதற்கு இரண்டாண்டு முன்புதான், அகமதாபாத் ஆலை முதலாளி ஒருவர் அறுபது தெருநாய்களைக் கொல்லச் செய்ததை ஒட்டி நடந்த விவாதத்தில் அவர் கடும் கண்டனத்துக்கு ஆளாகியிருந்தார். இப்போது எதிர்ப்பு இன்னும் பெரிதாயிற்று. அகிம்சை என்றால் உயிரை எடுக்காமையா, துன்பத்தை நீக்குவதா என்று நாடே வாதிட்டது.

அவ்விவாதத்தைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லி வருகிறேன். மோத்தியைப் பார்த்த பிறகுதான் அதில் ஒன்று உறைத்தது. வாதிட்ட இரு தரப்பாருக்கும் எதிரே இருந்தவை இரண்டே வழிகள். இன்று அக்கன்று பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. அதற்குச் சான்றும் இல்லை. ஆனால் எழ முடியாத உயிர் ஒன்றை நாளுக்குப் பலமுறை புரட்டிப்போடுவது, மூட்டு இறுகாமல் மடக்கி நீட்டுவது, படுக்கைப்புண் வராமல் காப்பது, உடல் எடையைத் தாங்கிப்பிடித்து நிற்கப் பழக்குவது ஆகியவை விலங்குக்குரிய ஒரு முறையான கல்வியாக அன்று நாட்டில் எங்கும் இருக்கவில்லை. அறத்தின் வாதம் சில வேளைகளில் தொழில்நுட்பத்தின் இல்லாமையால் கூர்மையடைகிறது.

விடுதலைக்குப் பிறகு நாம் இயற்றிய சட்டத்திலும் இந்த வழிகள் அப்படியே பதிவாகியுள்ளன. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அச்சட்டத்தின் 35ஆம் பிரிவை ஆய்வாளர்கள் ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். வதைக்கு உள்ளான விலங்கை நீதிபதி என்ன செய்யலாம் என்பதை அது சொல்கிறது. விலங்கு தன் வழக்கமான வேலைக்குத் தகுதி பெறும்வரை, அல்லது வேறு வகையில் வெளியே அனுப்பத் தகும்வரை, சிகிச்சையகத்தில் வைத்துப் பேணலாம். அல்லது பிஞ்ஜராப்போலுக்கு அனுப்பலாம். அல்லது தேறாது என மருத்துவ அலுவலர் சான்றளித்தால் உயிர் நீக்கலாம். வேலைக்குத் தகுதி என்ற அளவுகோலுக்குக் காலனிய ஆட்சியின் 1890 சட்டத்திலேயே வேர் உண்டு.

ஒரே பிரிவில் நூறாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. முதல் வழி பைல்கோடா. இரண்டாம் வழி 1834இன் பிஞ்ஜராப்போல். மூன்றாம் வழி ஆங்கிலேயரின் கருணைக்கொலை. முதல் வழியில் மட்டுமே மீட்பு உண்டு. அந்த மீட்பின் அளவுகோல் வழக்கமான வேலை. அப்படியானால் மோத்தியின் வழக்கமான வேலை என்ன? கதவு மணி அடித்தால் குரைப்பது, தோழி கல்லூரியிலிருந்து திரும்பும்போது வாசலுக்கு ஓடுவது. சட்டம் எழுதியோர் மனத்தில் இது இருந்திருக்க வாய்ப்பில்லை.

இனி பரேலின் இன்னொரு கட்டடம். பைல்கோடாவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் கே.இ.எம். மருத்துவமனை இருக்கிறது. இந்தியாவின் முதல் இயன்முறை மருத்துவப் பள்ளி, உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு, 1950களின் தொடக்கத்தில் அங்கேதான் உருவாயிற்று. அதன் பின்னணியில் இருந்தது இளம்பிள்ளை வாதம். கால் சூம்பிய குழந்தைகளை என்ன செய்வது என்ற கேள்வி, பயிற்சி பெற்ற கைகளை வேண்டியது. உலகெங்கும் இத்துறையை வளர்த்ததில் அந்நோய்க்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் ரூஸ்வெல்ட் 1920களில் வெந்நீர் ஊற்றுக் குளத்தில் நடை பழகியதும், நீர்ச் சிகிச்சைமீது பொதுமக்கள் நம்பிக்கை பெருகியதும் அந்நோயை ஒட்டியே. நிலத்தில் நிற்க முடியாத கால் நீரில் நிற்கும் என்பதைப் பலரும் அப்போதுதான் கண்ணால் கண்டார்கள்.

ஆக, பரேலில் ஒரு பக்கம் விலங்கின் உடலை அறிந்தோர். சிறிது தூரம் தள்ளி, இயக்கத்தை மீட்கக் கற்றோர். இருவரும் பல பத்தாண்டுகள் ஒருவரையொருவர் தொழில்முறையில் சந்திக்கவில்லை. ஏன்? ஒரு காரணம் கண்கூடு. கல்வியும் ஆட்சித்துறையும் மனித உடலுக்கும் விலங்கு உடலுக்கும் இடையே எழுப்பிய சுவர். இன்னொரு காரணம், விலங்கின் சந்தை மதிப்பு. டிராம் 1907இல் மின்சாரத்துக்கு மாறியது. பின்னர் லாரி வந்தது. எருதும் குதிரையும் நகரத்தை விட்டு விலக, காலை மீட்பதால் கிடைக்கும் பயனும் விலகியது. பைல்கோடாவின் வாசலில் நாயும் பூனையும் பெருகிய காலத்தில், அவற்றின் காலுக்குப் பொருளாதாரக் கணக்கு எதுவும் இல்லை.

இங்கிலாந்தில் அந்தச் சுவரில் முதல் துளை விழுந்தது குதிரையால். அக்கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்குண்டு. மணிப்பூரின் சகோல் கங்ஜெய் ஆட்டத்தைக் கண்ட ஆங்கிலேயர், 1859இல் சில்சாரில் போலோ மன்றம் அமைத்தனர். 1921–22இல் வேல்ஸ் இளவரசருடன் இந்தியா வந்த மவுண்ட்பேட்டன் இங்கே போலோ பழகினார். அதன் தீவிர ரசிகரானார். தம் உடற்காயங்களுக்கு இயன்முறைச் சிகிச்சை அளித்த சார்லஸ் ஸ்ட்ராங்கிடம், தம் போலோக் குதிரைகளுக்கும் அதைச் செய்து பார்க்கத் தூண்டியவர் அவரே. தசையை மின்தூண்டலால் இயக்கும் முறையை ஸ்ட்ராங் குதிரைகளுக்கு ஏற்றவாறு அமைத்தார். பந்தயமும் போலோவும் பணம் புரளும் களங்கள். ஆகவே முதல் நோயாளி விலையுயர்ந்த குதிரை. பிரிட்டனில் 1962ஆம் ஆண்டின் விலக்கு ஆணை, கால்நடை மருத்துவரின் வழிகாட்டலில் இயன்முறை மருத்துவர் விலங்குக்குச் சிகிச்சை தர இடமளித்தது. 2015இல் அது புதுப்பிக்கப்பட்டது. அமெரிக்காவில் விலங்குகளுக்கான விளையாட்டு மருத்துவமும் மறுவாழ்வும் 2010இல் தனிச் சிறப்புத்துறையாக ஏற்கப்பட்டன.

குதிரையிலிருந்து நாய்க்கு வந்தபோதுதான், மேலை நாடுகளிலும் அந்தப் பழைய அளவுகோல் உடையத் தொடங்கியது. வீட்டு நாய்க்கு மறுவிற்பனை மதிப்பு இல்லை. அதன் மூட்டுக்கு அறுவை சிகிச்சை செய்யப் பணம் செலவிடுபவர், லாபம் கருதிச் செய்வதில்லை. நீர் இங்கே மிகவும் பொருந்தி வந்தது. நாயிடம் காலை மெல்ல ஊன்று, அதிகம் அழுத்தாதே என்று சொல்ல முடியாது. நீரின் உயரத்தைக் கொண்டு அதைச் சொல்லலாம். நாயின் கணுக்கால் அளவு நீரில் அதன் எடையில் ஏறத்தாழ 91 விழுக்காடு கால்களில் இறங்குகிறது. முழங்கால் அளவில் 85. இடுப்பளவில் 38 மட்டுமே. முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையில் நிகழும் அந்தப் பெரும் சரிவில்தான் சிகிச்சையாளரின் கணக்கு முழுதும் இருக்கிறது. நீரின் தடை தசையை வலுப்படுத்தும். சூழ்ந்தழுத்தும் நீர் வீக்கத்தைக் குறைக்கும். வெதுவெதுப்பு இறுக்கத்தைத் தளர்த்தும். அதேவேளை ஆறாத புண், இதயக் கோளாறு, அடங்காத வலிப்பு உள்ள நாயை நீரில் இறக்குவது ஆபத்து. ஆகவே தொட்டி வாங்கி வைத்தால் போதாது. யாரை இறக்கலாம், யாரை இறக்கக் கூடாது என்று அறிந்தவர் வேண்டும்.

அந்த அறிந்தவர் யார் என்பதில்தான் இன்றைய இந்தியாவின் சிக்கல் நிற்கிறது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், பதிவுபெற்ற கால்நடை மருத்துவருக்கு மட்டுமே சிகிச்சை உரிமை தருகிறது. 2021ஆம் ஆண்டின் துணை நலவாழ்வுத் தொழிலர் ஆணையச் சட்டம் இயன்முறை மருத்துவத்தை ஒழுங்குபடுத்துகிறது; ஆனால் அது மனித நோயாளியைக் கருத்தில் கொண்டு அமைந்தது. மோத்தியின் காலைப் பிடித்திருந்த அந்தப் பெண் மனிதருக்கான இயன்முறை மருத்துவத்தில் பட்டம் பெற்றவர். வெளிநாட்டு நிறுவனமொன்றின் நாய் மறுவாழ்வுப் பயிற்சியையும் முடித்தவர். கால்நடை மருத்துவர் ஒருவரின் குறிப்பின்பேரில்தான் பணிபுரிகிறார். "என் தொழிலுக்கு என்ன பெயர் என்று வங்கியில் கேட்டால் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை" என்றார். பரேலின் இரு கட்டடங்களுக்கும் இடையிலான அந்தச் சிறு தூரத்தைத் தம் உடலால் கடந்து நிற்பவர் அவர். அவருக்குரிய சொல் சட்டத்தில் இல்லை. இதன் இன்னொரு விளைவு, எவ்விதப் பயிற்சியும் இல்லாத ஒருவர் குளம் ஒன்றைக் கட்டி நீர்ச் சிகிச்சை என்று பலகை மாட்டினால், அதைப் பிரித்தறிய நாய் வளர்ப்பவருக்கு வழியில்லை.

செல்வத்தின் கேள்வியும் உண்டு. ரத்தன் டாடா தம் நாயின் மூட்டு அறுவைக்காக அதை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றதையும், காலம் கடந்துவிட்டதால் மூட்டை ஒரே நிலையில் அசையாதபடி நிறுத்த நேர்ந்ததையும் தாமே சொல்லியிருக்கிறார். 2024இல் மும்பை மகாலட்சுமியில் டாடா அறக்கட்டளையின் சிறுவிலங்கு மருத்துவமனை திறக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அவர் மறைந்தார். 1834இல் ஜீஜீபாய், 1880களில் பேட்டிட், 2024இல் டாடா. பம்பாய் விலங்கு நலத்தின் வரலாற்றில் பார்சிக் கொடையின் கோடு இவ்வாறு நீள்கிறது. ஆனால் முதல் கொடை தெருநாய்க்கும் வழியில்லாத மாட்டுக்கும் உரியது என்பதை மறக்கலாகாது. இன்று நீர்த்தொட்டியில் நிற்கும் நாய் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டு நாய். வண்டி மோதிப் பின்னங்கால் இழந்த தெருநாய்க்குக் காப்பகத்தில் பாயும் சோறும் கிடைக்கலாம். சில இடங்களில் சக்கரவண்டி கிடைக்கலாம். அதாவது அதற்கு இன்னும் 1834தான்.

ஆகவே தோழியின் கேள்விக்கு இப்போது நான் சொல்லக்கூடிய விடை இது. கருவியும் கல்வியும் வெளியிலிருந்து வந்தவை. பயனற்ற உயிரும் வாழத்தக்கது என்ற எண்ணம் இங்கே ஆழ வேரூன்றியிருந்தது. ஆனால் அது மீட்பதை நோக்கி நகரவில்லை. மீட்கும் மருத்துவம் இங்கே இருந்தது. ஆனால் அது பயனுள்ள உயிருக்கே உரியதாக இருந்தது. இவ்விரண்டும் ஒரு நாயின் உடலில் ஒன்றுசேர்வது மட்டுமே புதியது. இச்சேர்க்கையைச் செல்வர் வீட்டுச் சலுகை என்று தள்ளிவிடுவது எளிது. பிஞ்ஜராப்போல்களிலும் காப்பகங்களிலும் பணிபுரிவோர்க்கு மூட்டை மடக்கி நீட்டவும், படுத்த விலங்கைப் புரட்டிப்போடவும், துணிப்பட்டையால் இடுப்பைத் தாங்கி நடத்தவும் பயிற்சி தருவதற்குக் கண்ணாடித் தொட்டி தேவையில்லை. கால்நடைக் கல்லூரியும் இயன்முறைக் கல்லூரியும் சேர்ந்து ஒரு பாடத்திட்டம் வகுத்தால் போதும். பரேலில் அவற்றுக்கிடையே பேருந்துகூடத் தேவைப்படாது.

நான் ஊர் திரும்பும் முன்பு மோத்தி நான்கு கால்களில் எழுந்து, சமையலறை வாசல்வரை ஏழெட்டு அடி நடந்தது. இடது பாதம் இன்னும் சற்றுத் திரும்பியே விழுகிறது. இனி ஓடாது என்றுதான் சொல்கிறார்கள். சென்ற வாரம் தோழி அனுப்பிய காணொளியில், மணியோசை கேட்டதும் அது தள்ளாடியபடி கதவருகே போய் நின்று குரைக்கிறது.

பின்குறிப்பு: பிஞ்ஜராப்போல்களிலும் கால்நடை மருத்துவமனைகளிலும் பணியாற்றிய உதவியாளர்கள், லாயக்காரர்கள், கட்டுப்போடுவோர் குறித்த வாய்மொழி வரலாறோ குடும்பக் குறிப்புகளோ எவரிடமேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். கொடையாளர்களின் பெயர்கள் பளிங்கில் இருக்கின்றன. காலைப் பிடித்திருந்த கைகளைப் பற்றி எழுதவே எனக்குத் தரவு தேவைப்படுகிறது.